அந்தப் பலகைக்குக் கறுப்பு ஏற்றியவன்

வாசு, இதை நின்றுகொண்டே படிக்காதே. கரன்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றே படித்து முடிக்கிற ஆள் நீ. இதற்கு மட்டும் ஒரு நாற்காலி தேடிக்கொள். உட்கார்ந்திருந்தால், என்னைத் திட்ட நீ போனை எடுப்பதற்குள் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பார்த்தாயா, மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவன் முதல் பத்தியிலேயே ஜோக் அடிக்கிறேன். உன் அம்மா சொல்வது சரிதான்: "இந்த மனுசன் எமன் வந்து நின்னாலும், வரிசையில வாப்பான்னு சொல்லுவாரு." சிரிப்பு எனக்கு ஒரு தடுப்புச் சுவர், வாசு. இந்தக் கடிதத்தில் அதை எவ்வளவு இடிக்க முடியும் என்று பார்க்கிறேன். அங்கங்கே இரண்டு செங்கல் மிச்சமிருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் முகப்பேரிலிருந்து நீ போன் செய்தாய். கல்யாணப் புடவை, மண்டபத்து ஜெனரேட்டர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, சும்மா சொல்வதுபோல ஒன்று சொன்னாய். "ப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கிடார் செய்யலாம்னு இருக்கேன். நித்யா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கா. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன். அந்த ஃப்ரெட்போர்டுக்கு மட்டும் நீயே ஒரு மரம் பார்த்துக் குடுத்துடு. ரொம்ப வெல வேணாம், சுமாரா இருந்தாப் போதும். எனக்குத்தான் மரம் தெரியாதே." நான் "சரிடா" என்றேன். போனை வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. "என்ன, சம்பந்தி வீட்ல ஏதாவது சொன்னாங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். 'எனக்குத்தான் மரம் தெரியாதே.' அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை, வாசு. அதைச் செய்து, தேய்த்து, உன் வாயில் பொருத்திவிட்டவன் நான். ஒன்பது வருடமாக அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் நகர் நலச்சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிச் செயலாளரிடம் பேசிவிட்டேன். வருடா வருடம் அதில் நான் கடி ஜோக் எழுதுவேன். இந்த வருடம் கடிபடுகிறவன் நான். காரணம் இருக்கிறது. என் தப்புக்காக ஒரு மனிதர் நடுத்தெருவில் பேச்சு வாங்கினார். தெருவில் நடந்ததை உறைக்குள் ஒப்புக்கொண்டால் அது பாதி ஒப்புதல்தான். ஆனாலும் இது உன் கதையும்கூட. அதனால் முதல் பிரதி உனக்கு. அச்சில் வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுகிறேன். மலரைப் படிக்கப்போகிறவர்களுக்காக ஒரு விளக்கமும் சொல்லிவிடுகிறேன்: கிடாரின் கழுத்துமேல் நீளமாக ஒரு பலகை ஒட்டியிருக்கும், குறுக்கே சின்னச் சின்னக் கம்பிகள் பதித்து. இடது கை விரல்கள் ஓடுகிற பலகை. அதுதான் ஃப்ரெட்போர்டு. வாழ்நாள் முழுக்க வியர்வையும் கம்பியும் அதன்மேல்தான் தேயும். அதனால் அது இறுகிய மரமாக இருக்க வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் நெளியாததாக இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீ. முப்பது வருடம் தொழிற்சாலையில் வார்ப்புக்கு மர அச்சு செய்தவனுக்கு, பாலிடெக்னிக் படிக்கிற பையன் சொல்லிக் கொடுத்தாய். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடறியது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு முன்னால் இன்னொன்று. நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நாம் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மதியம் தொழிற்சாலைச் சங்கு ஊதும். "அதை யாருப்பா ஊதறாங்க?" என்று கேட்டாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வேற யாரு, நான்தான். தம் கட்டி ஊதணும். அதான் அப்பாவுக்கு மத்தியானம் ரெண்டு தட்டுச் சோறு" என்றேன். நீ அதை வகுப்பில் போய்ச் சொன்னாய். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் என்னோடு வேலை பார்க்கிறவர்கள். வகுப்பே சிரித்திருக்கிறது. அழுதுகொண்டே வந்தாய். நான் உன்னைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சிரித்தாய். அதை நான் கைத்தட்டலாக எடுத்துக்கொண்டேன். தனியாக நிற்க பயந்து ஒரு பிள்ளை அப்பன் பக்கம் வந்து சேர்ந்துகொண்டதாக எனக்குப் படவில்லை. மறுநாளே, நிலா ஏன் நம்மோடு கூடவே வருகிறது என்று என்னிடம்தான் கேட்டாய். நான் சொன்னதை நம்பவும் செய்தாய்.

வாசு என்று பெயர் வைத்தேன். நீ வாசிக்கவே ஆரம்பித்துவிட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பாலிடெக்னிக் படிக்கும்போது நீயே செய்த முதல் கிடாரைக் கேட்டுவிட்டு, பூந்தமல்லிப் பக்கம் லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிற ஜோசப் அண்ணன் தனக்கு ஒன்று செய்யச் சொன்னார். உன் முதல் ஆர்டர். அன்றைக்கு உனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. "பலகை மட்டும் கறுப்பா இருந்தா கெத்தா இருக்கும் தம்பி. கெடச்சாப் பாரு, கெடைக்கலைன்னா வுடு" என்றார் அவர். கறுப்பு என்றால் கருங்காலி. அது நம் கைக்கு எட்டாத விலை. ஈட்டி மரமும் அப்படியே. நீ அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அம்பத்தூரில் காதர் பாயின் மரக்கடைக்குப் போய், கழிவுக் குவியலிலிருந்து விரல் நீளத் துண்டுகளாகப் பொறுக்கி வந்தாய். வேங்கை, பூவரசு, வாகை, புளிய மரத்து வைரம், கருவேலம், கடைசியில் ஒன்று: ஏரிக்கரை எல்லாம் மண்டிக் கிடக்கிற வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். எல்லாவற்றையும் ஒரு நாள் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டாய். மறுநாள் மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் காயவைத்தாய். காலையும் மாலையும் என் வெர்னியர் அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதினாய். நகத்தால் கீறிப் பார்த்தாய், காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தாய். உன் அம்மா, "அப்பளம் காயவெக்க இடமில்ல, மரத்துக்கு வெயில் வேணுமாம்" என்று முணுமுணுத்தாள்.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. நீ எழுதியிருப்பதை அப்படியே சொல்கிறேன். 'பூவரசு: நகம் பதிகிறது, கம்பிக்குத் தாங்காது. வேங்கை: தண்ணீரில் சாயம் விடுகிறது, துளை பெரியது. புளி வைரம்: கல் மாதிரி, ஆனால் காய்ந்ததும் ஓரம் வெடித்தது, இன்னும் நன்றாகக் காய்ந்த துண்டு கிடைத்தால் பார்க்கலாம். வேலிக்காத்தான்: ஊறியும் காய்ந்தும் அளவு மாறவே இல்லை. விறகுக் கடையில் விற்கிற மரம். இதுதான்.' கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு. ஒரு காலைநேரம், நான் இட்லி தின்றுகொண்டிருந்தபோது வந்து, "ப்பா, மரம் கெடச்சிடுச்சு. வேலிக்காத்தான்" என்றாய். எனக்குப் புரையேறியது. "எது, ஆடு மேயுற முள்ளா? டேய், ஊரே வெட்டி எறிய மாட்டோமான்னு நிக்குது, நீ அதைக் கழுத்துல ஒட்டப் போறியா? ஜோசப் ஸ்டேஜுல பாட்டு வாசிப்பாரா, இல்ல அடுப்பு மூட்டுவாரா?" உன் அம்மாவும் சிரித்துவிட்டாள். நீ நோட்டை நீட்டினாய். நான் வாங்கிப் பார்த்தேன். அளவெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பிரச்சினை. எத்தனையோ வருடம் மரத்தோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அந்த முள்ளுக்குள் இப்படி ஒரு அசையாத மரம் இருப்பது தெரியாது. மகனிடம் 'எனக்குத் தெரியாதுடா' என்று சொல்ல வேண்டிய ஒரு நொடி வந்தது. நான் அந்த இடத்தில் ஒரு ஜோக்கை வைத்து அடைத்தேன். இப்போது அதற்குப் பெயர் சொல்கிறேன்: பொறாமை.

இரண்டு நாள் கழித்து பாய் கடைக்குப் போனேன். நன்றாகக் காய்ந்த ஒரு வேலிக்காத்தான் கட்டையை நானே பார்த்து வாங்கினேன். அறுத்து, இழைத்து, லேசாக வளைவு கொடுத்தேன். துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டேன். கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைப் பலகையில் பூசி, அதன்மேல் ஆணித் தண்ணீரைப் பூசினால் கண்ணெதிரே மரம் கறுக்கும். நீ காலேஜில் இருந்த நேரத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து மூன்று முறை பூசினேன். ஊரில் எல்லாரும் பேச்சுக்குக் கடுக்காய் கொடுப்பார்கள். நான் உனக்கு நிஜமாகவே கொடுத்தேன். என் திட்டம் இதுதான்: சனிக்கிழமை 'கருங்காலி'யை உன் கையில் கொடுப்பேன். நீ வாயைப் பிளப்பாய். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடும்போது, 'டேய், அது உன் வேலிக்காத்தான்தான்டா' என்று உடைப்பேன். எல்லாரும் சிரிப்போம். ஒரு நாள் கூத்து. உன்னை ஏமாற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. நான் இன்னும் உன்னைவிட ஒரு படி மேலே இருக்கிறேன் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, பாய் கடையில் பலகையாகவே வாங்கியது என்று சொல்லிக் கொடுத்தேன். நீ வாயைப் பிளக்கவில்லை. பலகையை இரண்டு கையிலும் வாங்கி, முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தாய். கன்னத்தில் வைத்துக்கொண்டாய். பிறகு சமையலறைக்கு ஓடினாய். "ம்மா, அப்பா எனக்காகக் கருங்காலி வாங்கிட்டு வந்திருக்காரும்மா." உன் அம்மா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வையை இரண்டாவது முறையாக வாங்கியவன் திருப்பிக் கொடுப்பானா? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வந்தது. லெக் பீஸை நீ என் தட்டில் வைத்தாய். நான் அதைத் தின்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். வாசு, விளையாட்டுக்கு ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் விடிந்தும் சொல்லவில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு. கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு இந்த ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். நித்யாவோடு எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடு. ஆனால் அன்றைக்கே உடைத்துவிடு.

நீ ஏமாறவில்லை என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கம்பி பதிக்கப் பள்ளம் அறுக்க ஆரம்பித்தாய். இரண்டாவது பள்ளத்திலேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய். உள்ளங்கையில் கொஞ்சம் மரத்தூள் வைத்திருந்தாய். "ப்பா, தூள் கறுப்பா வரலியே. பழுப்பா வருது. வாசனைகூட அந்த..." என்று இழுத்தாய். உன் கண் கண்டுபிடித்துவிட்டது. உன் மூக்கும் கண்டுபிடித்துவிட்டது. எனக்குக் கதவு திறந்தே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தூளை ஊதிவிட்டுச் சிரித்தேன். "கருங்காலித் தூள் அப்படித்தான்டா வரும். உனக்கு மரம் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" நீ உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "எனக்குத் தெரியலப்பா" என்றாய். பள்ளங்களை அறுத்து முடித்தாய். பள்ளங்களின் ஓரத்தில் பழுப்பு தெரிந்த இடங்களில், நீ இல்லாத நேரத்தில், நான் டியூட்டிக்குப் போடுகிற பூட்ஸின் பாலிஷை எடுத்துத் தேய்த்தேன். அப்புறம் பலகை முழுக்கவே தேய்த்தேன், ஒரே சீராக இருக்கட்டும் என்று. பாலிஷாகப் பேசி உன் வாயை அடைத்தவன், பாலிஷ் போட்டு உன் பள்ளங்களையும் அடைத்தேன்.

மிச்சம் உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்த விதத்தில்தான் தெரியும். ஆவடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் விளக்குச் சூடு. ஜோசப் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மறுநாள் காலையில் கிடாரை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "இன்னா தம்பி இது, கை பூரா கறுப்பு கீது. நடுப் பாட்டுல கம்பி வழுக்குது. தெரியாம சட்டைல தொடச்சிட்டேன். மாப்ள ஊட்டுக்காரன், இன்னாபா பெயின்ட் அடிச்சுகினு வந்தியான்றான். கம்பிக்குக் கீழ பாரு, கோடு கோடா வெளுத்துகினு வருது. இதா கருங்காலி?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும். நீ என்னைப் பார்த்தாய். சந்தேகத்தோடு பார்க்கவில்லை, துணைக்குப் பார்த்தாய், இரண்டாம் வகுப்பில் பார்த்த மாதிரி. "பாய் ஏமாத்திட்டாராப்பா?" என்றாய். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

தொழிற்சாலையில் ஸ்டிரைக் நடக்கும்போது உள்ளே போகிறவனைக் கருங்காலி என்று நாங்கள் கேட்டில் நின்று கூவியிருக்கிறோம். அன்று பாய் கடை வாசலில் நின்ற கருங்காலி நான் ஒருவன்தான். நீ வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் என் கையில் கொடுத்துவிட்டு, கிடாரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். "வேலிக்காத்தான் மாதிரி ஒரு கட்டைக்குக் கறுப்பு பூசி எங்கப்பா தலையில கட்டிட்டீங்க. வெள்ளந்தியா வந்தா இப்படித்தான் செய்வீங்களா?" டீக்கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துப் பட்டறை ஆசாரிகள் வெளியே வந்தார்கள். கட்டையை எனக்கு வேலிக்காத்தான் என்று சொல்லி, வேலிக்காத்தான் என்றே விற்றவர் பாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு நேரம் கொடுத்தார். நான் வண்டியின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கடைசியில் அவர் உன்னிடம், "சரி தம்பி. பாத்துக் குடுத்திருக்கணும். மன்ச்சுக்கோ" என்றார். நீ அதை உன் போனில் ஊருக்கெல்லாம் அனுப்பினாய்: அந்தக் கடையில் மரம் வாங்காதீர்கள். ஆசாரிகள் சிலர் அங்கே போவதை நிறுத்தினார்கள். நான் அந்தச் செய்தியைப் படித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் நன்றாக எழுதியிருந்தாய்.

அதன்பிறகு உளியையும் இழைப்புளியையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாய். ஜோசப் அண்ணனுக்கு வேறு பலகை போட்டுத் தருகிறேன் என்றாய்; அவர் வேண்டாம் தம்பி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை கிடைத்தது, முகப்பேருக்குப் போனாய், நல்ல சம்பளம், எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உன் சாமான்களை ஒழித்தபோது இந்த நோட்டு பழைய பேப்பரோடு போக இருந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். 'வேலிக்காத்தான், இதுதான்' என்ற இடத்தின் குறுக்கே ஒரு நீண்ட கோடு. பக்கத்தில், 'எனக்கு மரம் தெரியாது.' பேனா அழுந்தி அடுத்த பக்கத்திலும் அந்த எழுத்து பள்ளமாகத் தெரிகிறது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்லத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்தேன். நீ வந்து இறங்கியதும், "ப்பா, ஏதாவது புது ஜோக் சொல்லு" என்பாய். நான் சொல்வேன். நீ சிரிப்பாய். மறுபடி கிளம்பிப் போய்விடுவாய்.

நீ போன் செய்த மறுநாள் காலையில் பாய் கடைக்குப் போனேன். ஒன்பது வருடம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனவன். பாய் தாடி நரைத்துப் போய், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், வழி தப்பி வந்துட்டியா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வினிகர், கடுக்காய், பூட் பாலிஷ் வரைக்கும். பூட் பாலிஷ் வந்தபோது மட்டும் குறுக்கிட்டு, "அட, அதானா அந்த நாத்தம்?" என்றார். "உங்களுக்கு அன்னிக்கே தெரியும். ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். "நான் சொன்னா, புள்ள கண்ணுல அப்பன் வுழுந்துடுவான். எனக்கும் ஊட்ல ஒரு புள்ள கீறான். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நாளைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு ஒரு மாசம் பாத்தேன். அப்பால வுட்டுட்டேன்." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே கொடுக்கவில்லை, வாசு. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "என்னாண்ட கேட்டா ஆச்சா? என்னைத் திட்டினது தெருவுல. உன் புள்ளைக்கு இன்னும் தெரியாது. மொதல்ல அவன்கிட்ட சொல்லு. அப்பால அவனை இட்டுகினு வா. மரம் அவன் பாத்து எடுக்கட்டும். நீ உள்ள வராத சார். வெளிய நில்லு." இந்த மலருக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஸ்டூலுக்கு எதிரே நின்றபோதுதான்.

அங்கிருந்து பூந்தமல்லிக்குப் போனேன். ஜோசப் அண்ணனுக்குத் தொப்பை வந்துவிட்டது, கச்சேரியும் குறைந்துவிட்டது. அவரிடமும் சொன்னேன். அவர், "என் சட்டைய நாசம் பண்ணது நீதானா நைனா!" என்று கத்தினார். அப்புறம் உள்ளே போய் அந்தக் கிடாரை எடுத்து வந்தார். தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். "எதுக்குப் போடறது? கறுப்பு கழண்டுச்சு, கைல ஒட்றது நின்னுச்சு, அவ்ளோதான். இத்தினி வருசமா இதான் வாசிச்சுகினு கீறேன்" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். நான் பூசியதெல்லாம் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம். நடுவில், விரல் ஓடிய இடமெல்லாம், நல்லெண்ணெய் தடவிய மாதிரி செம்பழுப்பாக மின்னுகிறது. என் எஃகு ஸ்கேலைக் கொண்டுபோயிருந்தேன். பலகையின் குறுக்குக் கம்பிகள்மேல் நீளவாக்கில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். எந்தக் கம்பிக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம்கூட வரவில்லை. ஒன்பது மழைக்காலம், ஒன்பது கத்திரி, அவர் வியர்வை எல்லாம் பார்த்தும் அந்தப் பலகை நெளியவில்லை, வெடிக்கவில்லை, அசையவில்லை. நீ பொறுக்கிய மரம், வாசு. பக்கெட்டும் வெர்னியரும் வைத்து நீ சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. அந்தக் கிடாரில் கெட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: நான் பூசியது.

அதனால் நீ கேட்டபடி உனக்கு மரம் பார்த்துக் கொடுக்க என்னால் முடியாது. நோட்டை இதோடு வைத்திருக்கிறேன். நீ போட்ட குறுக்குக் கோட்டை நான் அழிக்கவில்லை, அது என் வேலை இல்லை. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு சேர்ந்து சிரிக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பிலிருந்து சிரித்தது போதும். கோபம் வந்தால் வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருக்கத் தோன்றுகிறதோ அத்தனை நாள் இரு. கல்யாணப் பந்தலில் மட்டும் நித்யாவின் அப்பா முன்னால் ஒரு வார்த்தை பேசிவிடு, அந்த மனிதர் பாவம், குழம்பிப் போவார்.

பாய் கடை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கிறது. அன்று நீ திட்டிய இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு நான் வெளியே நிற்பேன். நீ வராவிட்டால் அடுத்த ஞாயிறும் நிற்பேன். வந்தால் என்னைத் தாண்டி உள்ளே போ. பாயிடம் நீ சொல்ல வேண்டியதைச் சொல். கழிவுக் குவியலில் உட்கார்ந்து, தட்டு, முகர்ந்து பார், நகத்தால் கீறு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். வேலிக்காத்தானோ, புளி வைரமோ, உனக்குச் சரி என்று படுவதை எடு. வெளியே வந்து ஒரு துண்டை என் முன்னால் நீட்டினால், 'இது என்ன மரம்டா?' என்று கேட்பேன். நீ சொல். நீ சொல்வதுதான் அந்த மரம்.

உன் அப்பா
கோவில்பதாகை